பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி கேட்டவரும் ஆசிரியர்தான். "முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, வேறு என்ன சொல்லலாம்?" என்கிறார். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணினிப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் என் பதில்.

முதலில் அந்த வாக்கியத்தையே விட்டுவிடலாம். பிள்ளையை வளைக்க வருகிறவன், போட்டோ கேட்கிற நேரத்தில் தெரியாதவனாக இருப்பதில்லை. சேர்ந்து கேம் ஆடியிருப்பான், ரீல்ஸுக்கெல்லாம் ஹார்ட் போட்டிருப்பான். பிள்ளையின் கணக்கில் அவன் ஃப்ரெண்டு. சில நேரம் நிஜமாகவே சொந்தக்காரன்.

நான் ஒரு சாட் உரையாடலைக் கரும்பலகையில் வரி வரியாக எழுதுவேன், நானே இட்டுக்கட்டியதுதான். "ப்ரோ, செம்மையா ஆடுற." "எந்த ஊரு?" "எந்த ஸ்கூல்?" "டயமண்ட் வேணுமா? நான் போட்டு விடறேன்." "இங்க வேணாம், வாட்ஸ்அப் வா." "நாம பேசுறத வீட்ல சொல்லாத." "ஒரு போட்டோ அனுப்பு." எந்த வரியில் பேச்சை நிறுத்துவீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கடைசி வரிக்குத்தான் கை தூக்குவார்கள். அதற்குள் ஊர், பள்ளி, போன் நம்பர் எல்லாம் போயாச்சு. டயமண்ட் (கேமுக்குள் செலவழிக்கிற காசு) வாங்கிய கடன்பாடு வேறு. அப்புறம் கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிக்கும் அவன் ஏன் அதைக் கேட்டான் என்று பேசுவோம். வேறு செயலிக்குக் கூப்பிடுவதையும், ரகசியமாக வைக்கச் சொல்வதையும் மட்டும் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவேன்.

இந்த இடத்தில் பின் பெஞ்சுப் பையன்கள், இதெல்லாம் பொண்ணுங்களுக்கு என்பதுபோலச் சிரிப்பார்கள். பெண் பெயரில் வந்து, அந்தரங்கப் படத்தை வாங்கிக்கொண்டு, "பணம் போடு, இல்லாவிட்டால் உன் ஃப்ரெண்ட்ஸுக்கெல்லாம் அனுப்புவேன்" என்று மிரட்டுகிற கும்பல்கள் அதிகம் குறிவைப்பது பதின்வயதுப் பையன்களைத்தான் என்று சொன்னதும் அடங்கிவிடும். பணம் கொடுத்தால் விட மாட்டார்கள், மேலும் கேட்பார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, மாட்டிக்கொண்ட பிள்ளை ஏன் வாயைத் திறப்பதில்லை? போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். மிரட்டுகிறவனுக்கும் இது தெரியும். அதனால் பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என்ன நடந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன், திட்ட மாட்டேன்" என்று இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். ஃபில்டர் செயலி வாங்குவதெல்லாம் அதற்கப்புறம்.

பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், சாட் உரையாடலையும் அவனுடைய ஐடியையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் பிளாக் செய்யலாம். ஆதாரத்துக்கு என்று அந்தப் படத்தை மட்டும் உங்கள் போனுக்கு வாங்காதீர்கள்; ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து, இத்தகைய படங்களை வெறுமனே சேமித்து வைத்திருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குற்றமாகலாம் என்று சொல்லிவிட்டது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கவும் முடியாது. 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 19ஆம் பிரிவின்படி, இப்படிக் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்கள் பற்றிப் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.

இன்னொரு சின்ன வேலை: இன்ஸ்டாகிராமில் என்ன பிறந்த வருடம் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். வயதைக் கூட்டிப் போட்டிருந்தால், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தானாகவே வரும் பிரைவேட் கணக்கும் மெசேஜ் கட்டுப்பாடும் வராது. என் வகுப்பில் நிறையப் பேர் 2000ல் பிறந்தவர்கள்!

படம் ஏற்கெனவே போய்விட்டதா? அமெரிக்காவின் காணாமல் போன குழந்தைகளுக்கான மையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை நடத்துகிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு, மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதே படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் மாதிரி, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே பார்க்கும்படி மறையாக்கம் செய்யப்பட்ட செயலிகளுக்குள் மட்டும் இது எட்டாது.