பள்ளி முடியப் போகிறது, அப்புறம்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. சிறப்புப் பள்ளியில் 18 வயது வரைதான் வைத்துக்கொள்வார்களாம். அதற்குள் என்ன சொல்லிக்கொடுக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: எழுத்து அட்டையைப் பார்த்து எழுதுவதற்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்து, பேருந்து, பணம், வேலை மூன்றிலும் போடுங்கள்.

முதலில் பேருந்து. தனியாகப் போய்வரத் தெரியாவிட்டால் கிடைத்த வேலையும் நிலைக்காது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது. அதனால் தினமும் பழக்கலாம். ஒரே தடத்தை எடுத்துக்கொண்டு சின்னச் சின்னப் படிகளாகப் பிரியுங்கள்: பேருந்தின் தட எண்ணைக் கையில் எழுதிக் கொடுத்த எண் அட்டையோடு ஒப்பிடுவது, ஏறுவது, அடையாள அட்டையைக் காட்டுவது, கட்டணமில்லா டிக்கெட் வாங்குவது, இறங்கும் இடத்துக்கு முந்தைய பெட்ரோல் பங்கு தெரிந்ததும் எழுந்து வாசலருகே வருவது. முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு இரண்டு இருக்கை பின்னால், கடைசியில் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் காத்திருங்கள். ஒவ்வொரு படியிலும் நாமே முந்திக்கொண்டு “இறங்குடா” என்று சொல்வதால்தான் பலருக்கு இது வருவதில்லை. அவன் நம் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். தடம் பழகிய பின் வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கி, கைப்பேசியில் உங்கள் புகைப்படத்தை அழுத்தி அழைக்கப் பழக்குங்கள்.

பணத்துக்கு விளையாட்டுக் காகித நோட்டு உதவாது. கடையில் நிஜ நோட்டைப் பார்த்ததும் குழம்பிவிடுவார்கள். சில்லறைக் கணக்கு வராதவர்களுக்குப் ‘பத்துக்கு மேல் ஒன்று’ முறை போதும்: 34 ரூபாய் என்றால் மூன்று பத்து, கூட இன்னொரு பத்து. மீதியை வாங்கிப் பைக்குள் போட்டால் சரி.

வேலை என்றதும் மெழுகுவர்த்தி, காகிதக் கவர் என்று இறங்கிவிடுகிறோம். பையனுக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை! செடிப் பண்ணை, துணி மடிக்கும் கடை, சூப்பர் மார்க்கெட் அடுக்கு என மூன்று இடங்களில் இரண்டிரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் சலிக்காமல் செய்கிறான், சத்தம் தாங்குகிறானா, மேற்பார்வையாளர் சொல்வது புரிகிறதா என்று குறித்துவையுங்கள். செடிப் பண்ணையில் பை நிரப்புகிறான் என்றால், பெரும்பாலும் விளிம்பு வரை திணித்துவிடுவான். தண்ணீர் ஊற்றினால் மண்ணோடு வழியும். மேலே இரண்டு விரல் காலியாக இருக்க வேண்டும் என்று வாயால் சொல்லிப் பயனில்லை. ஒரு பைக்கு எத்தனை குவளை மண் என்று நீங்களே அளந்து, அந்தக் குவளையைக் கையில் கொடுங்கள்.

காகித வேலையும் இருக்கிறது. யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) தற்காலிகமானதா, எப்போது காலாவதி என்று இன்றே பாருங்கள். 18 முடிந்ததும் பெற்றோர் தானாகவே சட்டக் காப்பாளராகத் தொடர்வதில்லை. மைனர் கணக்காக அவன் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கையும் மாற்ற வேண்டும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனம் கேட்கலாம். ஆனால் தானே புரிந்து கையெழுத்திடக்கூடிய பிள்ளைக்கு அவசரப்பட்டுக் காப்பாளர் போடாதீர்கள். அவன் முடிவெடுக்கும் உரிமை குறைந்துவிடும்.

கேள்வி: பார்வையற்ற என் மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். கல்லூரி திறப்பதற்குள் என்ன பழக்கலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: விசைப்பலகை. அவள் சொல்லச் சொல்ல எழுத ஆள் தேர்வுக்குக் கிடைப்பார். வாராவாரம் வரும் கட்டுரைக்கும் செமினாருக்கும் யாரைத் தேடுவீர்கள்? என்.வி.டி.ஏ. திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழையும் வாசிக்கும். தினமும் ஒரு மணி நேரம், மவுஸைத் தொடாமல். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிச் சேர்க்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5% இட ஒதுக்கீடு உண்டு என்பதால் விண்ணப்பத்திலேயே மாற்றுத்திறனாளிச் சான்றிதழை இணையுங்கள்.

விடுதி என்றால் துணி துவைப்பதும் பெட்டியை அடுக்குவதும் இந்த விடுமுறையிலேயே அவள் கைக்கு வரட்டும். வெண்கோலோடு வளாகத்தில் விடுதி, வகுப்பு, உணவகம் இந்த மூன்று வழிகளை மட்டும், கூட்டமில்லாத நேரத்தில் ஒருமுறை, மணி அடிக்கும் நேரத்தில் ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.