கல்லீரல் நோய், ஆனால் அரிப்பது உள்ளங்காலில்

“ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோய் வந்தால் உடம்பு என்ன ஆகும்? மஞ்சள் காமாலை மாதிரிதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நம் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்குவதுதான் இது. இதில் பல வகை உண்டு. எனக்கு இருப்பது பிபிசி, அதாவது பிரைமரி பிலியரி கொலாஞ்சிடிஸ். பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்குத்தான் வருகிறது. எனக்குத் தெரிந்த அதை மட்டும் சொல்கிறேன்.

எனக்குக் கண் மஞ்சளாகவில்லை, வயிறும் வலிக்கவில்லை. அரித்தது. அதுவும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். தடிப்போ சிவப்போ ஒன்றும் இருக்காது. பகலில் வேலையோடு வேலையாகப் போய்விடும், ராத்திரி போர்வை மேலே பட்டதும் ஆரம்பிக்கும். வீட்டுக்காரரை எழுப்ப வேண்டாமே என்று பாத்ரூமில் உட்கார்ந்து, கால் தேய்க்கும் கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பேன். தோல் டாக்டர் கொடுத்த அலர்ஜி மாத்திரையில் தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை.

அப்புறம் வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏஎல்பி (பித்த ஓட்டம் தடைப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி) ஏகத்துக்கும் ஏறியிருந்தது. ஸ்கேனில் பித்தக்கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. ஏஎம்ஏ டெஸ்ட் (இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) பாசிட்டிவ் என்றதும் நோய் உறுதியாகிவிட்டது, கல்லீரலில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவைப்படவில்லை.

உள்ளே நடப்பது இதுதான்: கல்லீரலுக்குள் பித்தநீர் ஓடும் நுண்குழாய்களை நம் எதிர்ப்பு சக்தியே தாக்கி அழிக்கிறது. பித்தம் தேங்கி, மெல்ல மெல்லக் கல்லீரலைத் தழும்பாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் பல வருடங்களில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிவிடும் நிலை வரை போகலாம். கொலஸ்ட்ரால் ஏறும். கண்ணும் வாயும் வறளும். எலும்பு பலம் குறையும். நோய் முற்றினால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு கூடவே வருவதும் சகஜம், எனக்கும் இருக்கிறது.

இத்தனையிலும் பெரிய தொல்லை களைப்புதான். குக்கரை ஏற்றிவிட்டு, விசில் வரும்வரை நிற்க முடியாமல் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிடுவேன். ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போதும் இது இருக்கும். நோய் எந்த அளவில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை என்கிறார்கள். “ரிப்போர்ட்தான் நார்மலாச்சே?” என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது!

மருந்து, உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம். எடையில் கிலோவுக்கு தினம் 13 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு, ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும். ஏஎல்பி நன்றாக இறங்கியது, களைப்பு இறங்கவில்லை. அரிப்புக்குக் கொலஸ்டிரமின் பவுடர். குடித்தால் தொண்டையில் மணல் இறங்குகிற மாதிரி இருக்கும், ஆனால் கேட்கிறது. அதைக் குடித்து நான்கு மணி நேரமாவது கழித்துத்தான் மற்ற மாத்திரைகளைப் போட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் உடம்பில் சேரவிடாது.

கல்லீரல் என்றதுமே பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்துவிட்டார். பாசம்தான், வேறென்ன. ஆனால் இது தொற்றிவந்த காமாலை இல்லை. டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் வேண்டாம், சில மூலிகைகளே கல்லீரலைக் கெடுக்கும்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ தடிப்பில்லாத அரிப்பு வாரக்கணக்கில் இருந்தால், களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையான எல்எஃப்டி ஒன்று எடுத்து ஏஎல்பி எவ்வளவு என்று பாருங்கள்.