பிரசவம் பார்க்கும் தாதியாக விரும்பும் மகள்: சுங்கை சிப்புட் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகள் பிரசவம் பார்க்கும் தாதியாக விரும்புகிறாள், அந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இரவு வேலை உண்டு. சபா, சரவாக்கிற்கு மாற்றலும் வரலாம். இவற்றை மறைத்து உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை.

மலாய், கணிதம், அறிவியல் பாடம் ஒன்று உள்ளிட்ட தேவையான பாடங்களில் எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, இருந்தால், மகள் மூன்றாண்டு தாதிமை டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற்று, வார்டில் சில காலம் பணியாற்றிய பிறகே மகப்பேற்றுத் துறையின் 'போஸ் பேசிக்' பயிற்சிக்கு, அதாவது பதிவு பெற்ற தாதியருக்கான மேற்பயிற்சிக்குப், போக முடியும். தனியார் கல்லூரி என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்புக்கு மலேசியத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பயிற்சி பெற்றவளைப் பிரசவ அறையிலேயே வைத்திருப்பார்களா? வயிற்றைத் தொட்டே குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்வதும், பிள்ளை பிறந்தபின் கருப்பை இறுகாமல் தளர்ந்திருப்பதை உள்ளங்கையால் உணர்ந்து உடனே தேய்த்துவிட்டு உதவிக்கு ஆள் அழைப்பதும், விரிப்புக்கு அடியில் ஊறிய இரத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 500 மில்லியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதும், மூத்த மிஸ்ஸி (தாதி) ஒருவர் பக்கத்தில் நின்று பலமுறை செய்ய வைத்தால்தான் கைக்கு வரும். அப்படித் தேறியவளை ஆள் பற்றாக்குறை என்று எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிட்டால் அந்தக் கை மழுங்கிவிடும். மனம் நொந்து அவள் சிங்கப்பூருக்குக் கிளம்பினால் அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. சம்பளமும் ஒரு காரணம்தான். ஆனால் கற்ற வேலையைச் செய்ய விடாத இடத்தில் யாரும் நிலைப்பதில்லை.

சுதந்திரம் பெற்ற 1957இல் நம் நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தார்கள்; 2000ஆம் ஆண்டளவில் அது 30 அளவுக்குக் குறைந்தது. கிராமத்து கிளினிக்குகளில் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நின்ற தாதியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

ஆகவே, மகளை நேர்முகத்துக்கு அழைக்கும்போது உதவித்தொகையோடு இன்னும் இரண்டைக் கேட்கச் சொல்லுங்கள்: மேற்பார்வையில் எத்தனை பிரசவங்களைத் தன் கையால் பார்க்கக் கிடைக்கும்? பயிற்சிக்குப் பிறகு எத்தனை ஆண்டு பிரசவ அறையில் இருக்கலாம்? அவர்கள் சொல்லும் பதிலை அவள் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தத் தாளுடன் இருவரும் என்னிடம் வாருங்கள்.