ஓட்டுப் போட்ட பிறகு யாரிடம், எதை, எப்படிக் கேட்பது? – கேள்வி பதில்

முப்பது வருடத்துக்கு மேல் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கோப்பு பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, மனு எழுதத் தெரியாமல் தவிக்கிறவர்களுக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், ஊராட்சித் தலைவர் ஆகியோரிடம் கணக்குக் கேட்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ரோடு ஆறு வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. எம்.எல்.ஏ.விடம் மூன்று தடவை சொல்லிவிட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. இனி என்ன செய்வது? – தாராபுரம் பக்கம் ஒரு விவசாயி

வாயால் சொன்னதற்கு எந்தத் தடயமும் இல்லை ஐயா. திருமண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ அவரைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். "பார்க்கலாம்" என்றிருப்பார். அதோடு போயிருக்கும்.

முதலில் அந்த ரோடு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊராட்சி ரோடா, ஊராட்சி ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா? அது தெரியாமல் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒரு மனு எழுதுங்கள்: எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எத்தனை வீடுகள், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் போகிறார்கள். எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று, நகல் கலெக்டருக்கு. திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். அதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை எம்.எல்.ஏ.வைப் பார்க்கும்போது அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. 2022 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர், 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதியில் நிறைவேறாமல் கிடக்கிற 10 முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டுக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். உங்கள் தொகுதிக்கு எந்தப் பத்து போனது, அதில் எத்தனை முடிந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உங்கள் ரோடு அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தொகுதி நிதி தீர்ந்துபோய்விட்டது என்கிறார் எம்.எல்.ஏ. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு ஆசிரியை

நிறைய பேர் அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய் என்று 2019-இல் உயர்த்தினார்கள். எம்.பி. நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது, 2011-12 முதல் வருடத்துக்கு 5 கோடி. இரண்டிலுமே உறுப்பினர் செய்வது பரிந்துரைதான். மதிப்பீடு போட்டு, நிர்வாக அனுமதி கொடுத்து, வேலையை நடத்திப் பணம் கொடுப்பது மாவட்ட நிர்வாகம். அதனால் கணக்கு முழுவதும் அரசு அலுவலகத்தில் இருக்கிறது. எம்.எல்.ஏ. நிதிக் கோப்புகள் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் இருக்கும்.

தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு வெள்ளைத் தாளில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு எழுதுங்கள். "ஏன் எங்கள் ஊருக்கு ஒதுக்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் வராது, ஆவணம்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் இந்தத் தொகுதியில் பரிந்துரைக்கப்பட்ட பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் அனுமதித்த தொகை, செலவான தொகை, ஒப்பந்ததாரர் பெயர், முடிந்த தேதி, மார்ச் 31 அன்று மீதமிருந்த தொகை. பட்டியல் கைக்கு வந்ததும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள் டீச்சர். எந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது, எந்தக் காலனிக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். எம்.பி. நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

முடிந்ததாக எழுதியிருக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூடச் சட்டம் உரிமை தருகிறது. ஒரு ஊரில் நாலு பெண்கள் இப்படிப் போய், தரைக்குமேல் ஒன்றுமே இல்லாத ஒரு நிழற்குடையைக் "கட்டி முடித்தது" என்ற தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் நிழற்குடை வந்தது.

தகவல் கேட்டு 40 நாள் ஆகிறது. பதிலே இல்லை.

30 நாள்தான் கெடு. அது முடிந்த நாளிலிருந்து அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். உங்களுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். அங்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு அதிகம், அது உண்மை. ஆனால் முதல் மேல்முறையீட்டிலேயே பாதிக்கு மேல் பதில் வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டுதானே ஓட்டுப் போட்டோம், எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்கிறார் என் மாமியார். என்ன பதில் சொல்வது அக்கா? – வேலூரிலிருந்து ஒரு தங்கை

இந்தக் கேள்வியை எத்தனையோ திண்ணையில் கேட்டிருக்கிறேன் தங்கை. ஒவ்வொரு தடவையும் மனது வலிக்கிறது. கொடுத்தவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்கள், வாங்கியவர்கள் ஐந்து வருடம் தலை குனிந்து நிற்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. உங்கள் ஊரிலேயே 2019-இல் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தானது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் அப்படித்தான் நின்றது. அதனால் அடுத்த தடவை வாங்க வேண்டாம் என்று மாமியாரிடம் அன்பாகச் சொல்லுங்கள்.

ஆனால் வாங்கியதால் கேட்கிற உரிமை போய்விட்டது என்று யார் சொன்னார்கள்? அவர் தீப்பெட்டி வாங்கினாலும் பிஸ்கட் வாங்கினாலும் வரி கட்டுகிறார். ரோடும் குடிநீரும் அந்தப் பணத்தில் வருவது. கவருக்குள் வந்த இரண்டாயிரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. எம்.எல்.ஏ. பதவிப் பிரமாணம் எடுக்கும்போது, ஓட்டுப் போட்டவர், போடாதவர், காசு வாங்கியவர் எல்லோருக்குமாகத்தான் எடுக்கிறார். இதையும் மாமியாரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே மனுவில் முதல் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

சரியில்லாத எம்.எல்.ஏ.வை நாமே திரும்ப அழைக்க வழி இருக்கிறதா?

இல்லை. எம்.எல்.ஏ., எம்.பி. இருவருக்குமே அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் கிடையாது. 1974-இலேயே மக்கள் இயக்கத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் கேட்டார், வரவில்லை. உள்ளாட்சியில் சில மாநிலங்களில் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நகரமன்ற உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டால், தலைவர் தொடரலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடக்கும். சத்தீஸ்கரில் 2008-இல் மூன்று ஊர்களின் தலைவர்கள் இப்படிப் பதவி இழந்தார்கள். பிரிட்டனில் 2015-இல் சட்டம் வந்தது. ஆனால் நினைத்த நேரத்தில் அழைக்க முடியாது. தண்டனை, அவையிலிருந்து இடைநீக்கம் போன்ற காரணம் இருந்தால்தான். ஆறு வாரத்துக்குள் தொகுதி வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். 2019-இல் பீட்டர்பரோ தொகுதியில்தான் முதன்முதலாக ஒருவர் அப்படிப் பதவி இழந்தார்.

என் கருத்து: ஊராட்சித் தலைவர் அளவில் இது இங்கே வர வேண்டும். எம்.எல்.ஏ.வுக்கு பிரிட்டன் மாதிரி காரணத்தோடு கட்டிய சட்டம்தான் சரி. இல்லாவிட்டால் தோற்றவர் அடுத்த மாதமே காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிடுவார்.

ஒரு கட்சியில் ஜெயித்து இன்னொரு பக்கம் போகிறார்களே, நம் ஓட்டுக்கு என்ன மரியாதை? – ஒரு ஆட்டோ ஓட்டுநர், சென்னை

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது தம்பி. ஆனால் அது உறுப்பினரைக் கட்சியோடு கட்டுகிறது, வாக்காளரோடு இல்லை. தன் ஊருக்கு எதிரான ஒரு மசோதா வந்தாலும், இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் கொறடா இடுகிற உத்தரவை மீறினால் பதவி போகலாம். முடிவெடுப்பவர் பேரவைத் தலைவர். அவரும் ஒரு கட்சிக்காரர்தான். 2020-இல் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட மனுக்களைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது.

நம் மாநிலத்தில் நடந்தது நினைவிருக்கும். முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 எம்.எல்.ஏ.க்கள் 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பாகி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019-இல். அதுவரை ஒன்றரை வருடத்துக்கு மேல் அந்த 18 தொகுதி மக்களுக்காகச் சபையில் கேள்வி கேட்க ஆள் இல்லை. யார் செய்தது சரி என்ற கட்சிச் சண்டையில் அந்த மக்களின் இழப்பை யாரும் பேசவே இல்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

தேர்தல் அறிக்கையில் சொன்னதைச் செய்யாவிட்டால் வழக்குப் போடலாமா?

போடலாம், நிற்காது. அறிக்கை வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தமிழ்நாட்டு இலவசப் பொருள்கள் வழக்கிலேயே 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிக்கையை எடுத்து வையுங்கள், கிராம சபையில் வாசியுங்கள்.

எங்கள் ஊரில் கிராம சபை என்பது நோட்டில் கையெழுத்து வாங்குவதுதான். இதை எப்படி மாற்றுவது? – சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு இளைஞர்

வருடத்துக்கு ஆறு நாள் தம்பி: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவைச் சபையில் வைத்தாக வேண்டும்.

தனியாகப் போகாதீர்கள். மகளிர் குழுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இருபது பேராகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். உங்கள் கோரிக்கையைத் தீர்மான வடிவிலேயே எழுதி, இரண்டு பிரதியில் கொண்டுபோங்கள். "பேசினோம்" என்பது போதாது, தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு ஏற வேண்டும். எழுதி முடித்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே காலி இடம் விடாமல் கோடு போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில், மாலையில் வீடு வீடாக வாங்கிய கையெழுத்துக்கு மேலே மறுநாள் தீர்மானம் எழுதப்பட்ட நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தலைவர் பதவிக்காலம் முடிந்து, அவருக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை உண்டு. 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சிகளிலும், 2022 பிப்ரவரி வரை நகரங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாமல் நாம் இருந்தோம். ஐந்து வருடத்துக்கொரு முறை தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சாசனமே சொல்கிறது. கணக்குக் கேட்க ஆளே இல்லாமல் செய்வதைப் போல மக்களை ஏமாற்றும் வேலை வேறில்லை.

நகரத்தில் கிராம சபை மாதிரி எதுவும் இல்லையா?

இருக்கிறது. பகுதி சபை என்று பெயர், 2022 நவம்பரிலிருந்து நடக்கிறது. கவுன்சிலரிடம் அடுத்த கூட்டத் தேதியைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டதற்கு வீட்டுக்கு ஆள் அனுப்பி மிரட்டுகிறார்கள்.

உயிரை விடப் பெரிய மனு எதுவும் இல்லை. தனி ஆள் பெயரில் போவதை நிறுத்துங்கள். ஊரில் பத்துப் பேர் பத்து மனு, ஒரே கேள்வி. யாரை மிரட்டுவது என்று அவர்களுக்கே தெரியாது. மிரட்டியதைத் தேதி, நேரத்தோடு எழுதி எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எனக்கு 18 வயது ஆகிவிட்டது. முதல் ஓட்டு. வேட்பாளரைப் பற்றி முன்பே எப்படித் தெரிந்துகொள்வது அம்மா?

நல்லா இரு கண்ணு. ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2002-க்குப் பிறகு வந்த உரிமை இது. தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே பார்க்கலாம். இரண்டாவது தடவை நிற்பவர் என்றால், போன தேர்தல் பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வை. நிலமும் நகையும் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார். எம்.பி.யாக இருந்தவர் என்றால் நாடாளுமன்ற இணையதளத்தில் வருகையும் கேட்ட கேள்விகளும் இருக்கும். அமைச்சராக இருந்திருந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் கேள்வி கேட்பதில்லை. கேள்விகளின் எண்ணிக்கையை விட, அதில் உங்கள் ஊர்ப் பெயர் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா என்று தேடு. பிறகு ஓட்டுக் கேட்டு அவர் தெருவுக்கு வரும்போது, தேடிக் கண்டதை அவரிடமே கேள்.