இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி: 12 சிட்டிங்குக்கும் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. மஸ்கெலியா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மூன்று வாரமாக வலது இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் குதிகால் வரை சுரீரென்று இழுக்கிறது. இருமினால் உயிர் போகிறது என்கிறார். தோட்ட ஆஸ்பத்திரி மாத்திரையில் பெரிதாகக் குறையவில்லை. டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் முறை) நிலையத்தில், "எலும்பு விலகி நரம்பை நசுக்குது, 12 சிட்டிங்கில் பூரண குணம்" என்கிறார்கள். 48,000 ரூபாயை முன்கூட்டியே கட்டினால் இரண்டு சிட்டிங் இலவசமாம். நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். கடன் வாங்கியாவது கட்டட்டுமா?

பதில்: கட்டாதீர்கள், தம்பி. அங்கே போகவே கூடாது என்று சொல்லவில்லை. மொத்தமாகக் கட்டாதீர்கள் என்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பது சயாட்டிக்கா போலத்தான் இருக்கிறது. ஆனால் டொக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, பாதத்தின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்துத்தான் அதை உறுதியாகச் சொல்ல வேண்டும். கீழ் முதுகிலிருந்து வரும் சில நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்குகின்றன. இந்தச் சயாட்டிக் நரம்புதான் உடம்பிலேயே தடித்தது. அதன் வேர் நசுங்கினாலோ அழற்சி கண்டாலோ வலி முதுகோடு நிற்காமல் கால் முழுக்க ஓடும். பெரும்பாலும் காரணம் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்தான். அதன் வெளிவளையம் வெடித்து உள்ளேயிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பு வேரில் முட்டுகிறது. வயதானவர்களுக்கு நரம்பு போகும் பாதை சுருங்குவதாலும் வரும். அவர்களுக்கு நடந்தால் வலிக்கும், முன்னால் சாய்ந்தால் சுகமாக இருக்கும். சிலருக்குப் பிட்டத்துத் தசை இறுகுவதால் வருகிறது. முள்ளெலும்பு நிஜமாகவே முன்னால் நழுவுவதும் உண்டு. ஆனால் அது எக்ஸ்ரேயில் தெரியும். அதைக் கையால் தட்டி உள்ளே தள்ள முடியாது. எக்ஸ்ரேகூட எடுக்காமல் "எலும்பு விலகியிருக்கு" என்று சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் அது வியாபாரப் பேச்சு.

அம்மாவின் வேலையையும் கொஞ்சம் யோசியுங்கள். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கூடைக் கயிறு தலையில், கொழுந்து முதுகில். மழை நாளில் ஈரக் கொழுந்தின் கனம் வேறு. கடைசியில் நிறுக்கிற இடத்தில் மூட்டையைத் தூக்கியபடியே இடுப்பைத் திருப்புவது. குனிவது, திரும்புவது, கனம் தூக்குவது மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் டிஸ்க் தாங்காது. 12 சிட்டிங் முடித்து அதே மூட்டையை அதே மாதிரி தூக்கினால் 48,000 ரூபாயும் தண்ணீரில் போட்டதுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். சயாட்டிக்கா வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி தானாகவே நன்றாகக் குறைகிறது. பிதுங்கிய கூழை உடம்பே மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. அம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு வீதம் 12 சிட்டிங் என்றால் இன்னும் ஆறு வாரம். ஒன்பதாவது வாரத்தில் வலி குறைந்தால் நல்ல பெயர் யாருக்குப் போகும்? பக்கேஜ் விற்பவருக்கு இந்தக் காலக்கணக்கு நன்றாகவே தெரியும்.

கைரோபிராக்டிக் முறை 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பு இடம் மாறுவதே காரணம் என்பது அவருடைய வாதம். அதற்கு ஆதாரம் கிடையாது. இன்று அந்தத் தொழிலில் இருப்பவர்களிலேயே பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அழுத்தும்போது கேட்கும் 'டக்' சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டு நீரில் வாயுக் குமிழி உருவாகும் சத்தம், அவ்வளவுதான். சாதாரண இடுப்பு வலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. காலுக்கு இறங்கும் வலிக்கு அந்த ஆதாரம் பலவீனம். சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு வலிக்கும் சயாட்டிக்காவுக்கும் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் இதைக் கொடுக்கலாம் என்கிறது. பயிற்சி எதுவும் சொல்லித் தராமல் படுக்கவைத்து அழுத்தி அனுப்புகிற இடம் என்றால் அது பாதிச் சிகிச்சைகூட இல்லை.

சரி, ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று அம்மா ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். முதலில், செய்கிறவர் எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு வழிகாட்டி, இந்தத் தொழிலுக்கு நான்கு வருட முழுநேரப் படிப்பு, குறைந்தது 4,200 மணிநேரம் வேண்டும் என்கிறது. சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தான் பிசியோதெரபிஸ்ட் என்று ஒருவர் சொன்னால் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேட்கலாம். அம்மாவின் வயதில் எலும்பு தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அழுத்தத் தொடங்குபவர் வேண்டாம். கால் வலிக்குக் கழுத்தைத் திருகப் போனால் அந்த நிமிடமே எழுந்து வரச் சொல்லுங்கள். கழுத்தில் இரத்தக் குழாய் கிழிவது அபூர்வம் என்றாலும் நடந்தால் பக்கவாதம் வரை போகும். பணம் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாக, பற்றுச்சீட்டோடு. மூன்று நான்கு தடவையில் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். முன்பணம் கட்டியிருந்தால் அப்படி நிறுத்த மனம் வராது. பக்கேஜ் போடுவதே அதற்காகத்தான்.

காசில்லாத வழியும் இருக்கிறது. டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்கு அனுப்பும்படி கேளுங்கள். நுவரெலியாவுக்கு எழுதிக் கொடுத்தாலும் போய்வருவது நல்லது. ஒரு நாள் வேலையும் பஸ் காசும்தான் செலவு. தோட்ட ஆஸ்பத்திரியில் துண்டு வாங்கிக் கொடுத்துக் கொஞ்ச நாளைக்கு இலேசான வேலை கேட்கட்டும். படுத்தே கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடப்பதே நல்லது.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் இன்றைக்கே போனில் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தன்னையறியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ சிட்டிங், மாத்திரை எதற்கும் காத்திருக்கக் கூடாது. உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். அந்த நிலையில் ஒரு நாள் தாமதம்கூடக் காலத்துக்கும் நிற்கிற ஊனமாகிவிடலாம்.

கேள்வி: பண்டாரவளையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். எனக்கும் இதே வலி. பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து "சயாட்டிக்காவை 7 நாளில் குணமாக்கும்" இடுப்புப் பெல்ட் வாங்கினேன். ஒரு மாதமாகிறது, ஒன்றும் நடக்கவில்லை. பணத்தைத் திருப்பி வாங்க முடியுமா?

பதில்: முயன்று பாருங்கள், தாமதிக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், பார்சல் சீட்டு, அவர்களோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழித்துவிடாமல் வையுங்கள். "7 நாளில்" என்ற வரிதான் உங்கள் பிடி. எப்படி எழுதுவது என்று அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விசாரித்த பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. விற்றவரின் முகவரியே இல்லாத பக்கமாக இருந்தால் பாடு கொஞ்சம் கஷ்டம்தான்.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நைஸ் வழிகாட்டி சயாட்டிக்காவுக்குப் பெல்ட் கொடுக்கவே வேண்டாம் என்கிறது. கட்டினால் தெம்பாக இருக்கிறது என்றால் சிறிது நேரம் கட்டுங்கள், நாள் முழுக்க வேண்டாம். பின்பொக்கற்றில் தடித்த பர்ஸை வைத்து அதன்மேல் உட்கார்ந்துதானே ஓட்டுகிறீர்கள்? முதலில் அதை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

கேள்வி: எனக்கு இரண்டு வாரமாகக் கால் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறாள் மகள். பதுளையிலிருந்து கண்டிக்குப் போய்த் தனியாரில் எடுக்கலாமா?

பதில்: மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லை என்றால் இப்போது அவசரமில்லை, ஐயா. வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். அறிக்கையைப் பார்த்துப் பயம்தான் கூடும். ஊசி அல்லது அறுவைச் சிகிச்சை வரை பேச்சு வரும்போது எடுத்தால் போதும். அதையும் டொக்டர் எழுதிக் கொடுத்தால் எடுங்கள்.