தேக்குத் தளப் படகுக்கு 70 லட்சம்: மியூச்சுவல் ஃபண்டை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மும்பை செம்பூரில் சொந்த ஃபிளாட், கடன் இல்லை. தனியார் வேலை, பிடித்தம் போக மாதம் 3.5 லட்சம் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு 1.6 லட்சம், மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்ஐபி 1 லட்சம். பிஎஃப் 1.1 கோடி, பங்குச் சந்தை ஃபண்டுகளில் 1.3 கோடி (அதில் பாதி லாபம்), வங்கி டெபாசிட் 40 லட்சம். மகள் அடுத்த ஆண்டு எம்எஸ் படிக்க வெளிநாடு போகிறாள். மும்பைக்கு எதிர்க்கரையில், அலிபாக் பக்கம் கிஹிமில் ஒரு சின்ன வீடு வாங்கியிருக்கிறோம். மாதம் இரண்டு முறை போவோம். அங்கே போய் வர, பழைய இத்தாலியப் படகுகளின் சாயலில் கட்டிய 26 அடித் திறந்த மோட்டார் படகு ஒன்று, ஒருவர் பயன்படுத்தியது, விலைக்குக் கிடைக்கிறது. ஃபைபர் உடல், மேலே தேக்குத் தளம், படகின் உள்ளேயே பொருத்திய பெட்ரோல் இன்போர்டு எஞ்சின். விலை 70 லட்சம். ஃபண்டை விற்று வாங்கலாமா, அல்லது வீட்டின் பேரில் 50 லட்சம் கடன் எடுத்து மீதியை டெபாசிட்டிலிருந்து போடலாமா? தம்பியின் கம்பெனி பேரில் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்று நண்பர் சொல்கிறார். 60 வயதில் ஓய்வு பெறுவேன்.

பதில்: படகை நீங்கள் வர்ணித்த விதத்திலேயே ஆசை எவ்வளவு ஆழமானது என்று தெரிகிறது. நான் தூத்துக்குடிக்காரன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தோணிகளைப் பார்த்து வளர்ந்தவன். பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசும்போது வரும் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. மரமும் தண்ணீரும் சேர்ந்த ஒரு பொருள் மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால் 'ஆடம்பரம், வேண்டாம்' என்று ஒரே வரியில் முடிக்க மாட்டேன்.

நீங்கள் விரும்பும் வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் உங்கள் பணக் கணக்கின் பாதி இருக்கிறது. இத்தாலியின் இசியோ ஏரிக்கரையில் சார்னிகோ என்று ஓர் ஊர். 1842 முதல் ரிவா குடும்பத்தின் படகுப் பட்டறை அங்கே இயங்கியது. கார்லோ ரிவா 1962இல் கொண்டு வந்த அக்வாரமாதான் இந்த வகைக்கே முகம் மாதிரி ஆகிவிட்டது. 8 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், மகோகனி மரம், இரண்டு பெட்ரோல் எஞ்சின், முன்னால் வளைந்த அகலமான கண்ணாடி. சினிராமா என்ற சினிமா அகலத் திரையை நினைவூட்டத்தான் அந்தப் பெயரே. டிராக்டரும் காரும் செய்த ஃபெருச்சியோ லம்போர்கினி 1968இல் தன் காரின் வி12 எஞ்சின்கள் இரண்டை ஓர் அக்வாரமாவில் பொருத்திக்கொண்டார். 1996 வரை அக்வாரமா தயாரிப்பில் இருந்தது. அமெரிக்காவில் அதற்கு வெகு முன்பே, மிச்சிகனின் அல்கோனாக்கில், கிறிஸ் கிராஃப்ட் நிறுவனம் மகோகனிப் படகுகளை வரிசையாகக் கட்டி இறக்கியது.

இவை எல்லாமே பகல் நேரப் படகுகள். ஏரியிலும் அமைதியான கரையோரத்திலும் ஓட்டுவதற்காகப் பிறந்தவை. காலையில் கிளம்பி எதிர்க்கரையில் சாப்பிட்டு, பின்பக்க மெத்தையில் படுத்து, ஏணி வழியாகத் தண்ணீரில் இறங்கி நீந்தி, மாலையில் வீடு திரும்புவது. நீர்ச்சறுக்கு விளையாடுகிறவரைக் கயிற்றில் இழுப்பது. பெரிய யாட் வைத்திருப்பவர் கரைக்கு ஆள் ஏற்றி இறக்குவது. ஆறு பேர் உட்கார்ந்தால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம், கையை நீட்டினால் தண்ணீர். இந்த நெருக்கம் அறை வைத்த பெரிய படகில் வராது. ஓட்டுவதும் கட்டுவதும் எளிது, துடைத்து மூட ஒரு மணி நேரம் போதும். இந்தக் கவர்ச்சி உண்மையானது. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் மும்பைத் துறைமுகம் இசியோ ஏரி இல்லை. இங்கே நீந்துவதை மறந்துவிடுங்கள். ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், பெரிய நாட்களில் கடல் மட்டம் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், அதனால் படித்துறையில் எப்போது ஏறலாம் என்பதைக் கடலே தீர்மானிக்கும். கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் படகு நடுத்தண்ணீரில் மிதவையில் கட்டிக் கிடக்கும், அதற்குப் போகவே இன்னொரு சின்னப் படகு வேண்டும். நல்ல பருவத்தில் காலைக் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் குட்டி அலைகள் கிளம்பும், கூரை இல்லாத படகில் எல்லோரும் நனைவார்கள். ஞாயிறு மாலை திரும்பும் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். கழிப்பறை பற்றியும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மழைக்காலம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேட்வேயிலிருந்து அலிபாக் பக்கத்து மாண்ட்வா துறைக்குப் போகும் பயணிகள் படகுகளே ஓடாது. உங்கள் படகும் கரையேறி, தார்ப்பாய்க்குள் கிடக்க வேண்டும். முன்னும் பின்னும் கொந்தளிப்பான வாரங்களைக் கழித்தால் ஓட்ட முடிவது அக்டோபர் முதல் மே வரை. மாதம் இரண்டு முறை போகும் நீங்கள், வானிலை சரியில்லாத நாட்களையும் கல்யாணம் காட்சி என்று விட்டுப்போகும் நாட்களையும் கழித்தால், வருடத்தில் 30 நாள் தண்ணீரில் இருப்பீர்கள். தாராளமாகப் போட்ட கணக்கு இது.

படகின் விலையை 70 லட்சம் என்று பார்க்காதீர்கள். ஒரு நாள் விலை என்ன என்று பாருங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது முக்கியமாக இதுதான்.

படகு வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் பொதுவாகச் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: பராமரிப்புக்கு வருடத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு. மூரிங் (படகைக் கட்டி நிறுத்தும் இடம்), மழைக்காலத்தில் கரையேற்றுவது, எஞ்சின் சர்வீஸ், இன்சூரன்ஸ், அடிப்பக்கப் பெயின்ட், வார்னிஷ் எல்லாம் இதில் அடக்கம். 7 லட்சம் ஆயிற்று. நம் வெயிலும் உப்புக் காற்றும் வார்னிஷை ஐரோப்பாவை விட வேகமாக உரிக்கும். ஆகவே இதற்குக் கீழே போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். படகு ஓட்ட நம்பகமான சுக்கானி ஒருவருக்கு மாதம் 25,000 வைத்தால் 3 லட்சம். இந்த அளவு பெட்ரோல் எஞ்சின் நிதான வேகத்தில் மணிக்கு 40 லிட்டருக்கு மேல் குடிக்கும், மும்பையில் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்கு 6,000 என்று கொண்டால் 1.8 லட்சம். ஐந்து வருடத்தில் விலை 45 லட்சமாக இறங்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 5 லட்சம் தேய்மானம். அந்த 70 லட்சம் 7 சதவீத டெபாசிட்டில் இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டி 4.9 லட்சம். மொத்தம் 21.7 லட்சம். முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 72,000 ரூபாய். மாண்ட்வாவுக்குக் கார் ஏற்றிப் போகும் ரோ-ரோ கப்பல் 2020 முதல் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு வருவோம்.

ஃபண்டை விற்றால்: கையில் 70 லட்சம் நிற்க 75 லட்சத்துக்கு யூனிட்டுகளை விற்க வேண்டும். பாதி லாபம் என்றால் 37.5 லட்சம். வரி இல்லாத 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம், உங்கள் வருமானத்துக்கு வரும் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் வரி. அதைவிடப் பெரிய இழப்பு ஆறு வருடம் கழித்துத் தெரியும். இப்போதைய 1.6 லட்சச் செலவு 6 சதவீத விலைவாசியில் ஓய்வு பெறும்போது மாதம் 2.27 லட்சம். அதை 25 வருடச் செலவாகப் பெருக்கினால் உங்களுக்கு 6.8 கோடி தேவை. ஃபண்டுகள் வருடம் 11 சதவீதம் வளரும் என்று நம்பினால் இன்றைய 1.3 கோடி 2.4 கோடி ஆகும், எஸ்ஐபி 1 கோடி தரும், பிஎஃப் 2 கோடியைத் தொடும். கூட்டினால் 5.4 கோடி. டெபாசிட் மகளின் படிப்புக்குப் போய்விடும். ஆக, படகே இல்லாமல் ஏற்கெனவே 1.4 கோடி பற்றாக்குறை. இன்று 75 லட்சத்தை எடுத்தால் ஆறு வருடத்தில் அது ஆகியிருக்கும் 1.4 கோடியும் போகும். துண்டு விழும் தொகை அப்படியே இரட்டிப்பாகிறது.

கடன் வழி இதைவிட மோசம். 10 சதவீதத்தில் 10 வருடத்துக்கு 50 லட்சம் என்றால் மாதத் தவணை 66,000. வட்டி மட்டுமே 29 லட்சம். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் நான்கு வருடம் தவணை ஓடும். அடமானத்தில் இருப்பது நீங்கள் குடியிருக்கும் வீடு. மிச்சம் 20 லட்சமோ மகளின் படிப்புப் பணத்திலிருந்து. இதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நண்பர் சொன்ன கம்பெனி யோசனை உங்களுக்குப் பொருந்தாது. தனிநபரிடமிருந்து, அவர் பயன்படுத்திய படகை வாங்குகிறீர்கள், அவர் ஜிஎஸ்டி போட்டு விற்கப் போவதில்லை, திரும்பப் பெற ஒன்றுமே இல்லை. புதுப் படகாக இருந்தாலும் சட்டம் கப்பல், படகு வகைகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறுவதைத் தடுத்து வைத்திருக்கிறது. பயணிகளை ஏற்றுவது, பயிற்சி தருவது போன்ற உண்மையான தொழிலுக்கு மட்டும்தான் விலக்கு. கம்பெனிப் படகில் குடும்பத்தோடு அலிபாக் போவது தொழில் ஆகாது. புதுப் படகு என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், இறக்குமதி என்றால் சுங்க வரிக்கு மேல் இது. நாளை நஷ்டத்துக்கு விற்றால் அதை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது, சொந்த உபயோகப் பொருள் மூலதனச் சொத்தில் சேராது. வருட வருமானம் 1 கோடியைத் தாண்டும் ஆண்டில் வருமான வரி ரிட்டனில் படகையும் காட்ட வேண்டும். ஃபண்டை விற்கும் ஆண்டில் நீங்கள் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள்.

ஆகவே இப்போது வேண்டாம், தனியாக வேண்டவே வேண்டாம்.

இந்தப் பருவத்துக்கு 3 லட்சம் ஒதுக்குங்கள். சம்பளத்தில் மிஞ்சும் பணத்திலிருந்து எடுங்கள், எஸ்ஐபியைத் தொடாதீர்கள். கேட்வேயில் மோட்டார் படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. கிஹிமுக்கு, எலிஃபண்டாவுக்கு, சும்மா ஒரு மாலைச் சுற்றுக்கு என்று போய் வாருங்கள். வாடகைப் படகில் தேக்குத் தளம் இருக்காது என்று உங்கள் மனம் சொல்லும். தெரிகிறது. ஆனால் அலையும் காற்றும் ஒன்றுதான்.

மகள் எம்எஸ் முடித்து வேலையில் அமர்ந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மூன்று குடும்பமாகச் சேர்ந்து வாங்குங்கள். ஆளுக்கு 23, 24 லட்சம், வருடச் செலவு 4 லட்சம். இதே படகு மாதிரி எத்தனையோ அப்போதும் விற்பனைக்கு வரும். ஒருவர் விலகினால் பங்கை என்ன விலைக்கு யார் வாங்குவது, எஞ்சின் போனால் எப்படிப் பிரிப்பது, தீபாவளி வார இறுதி யாருக்கு என்பதை முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் அண்ணன் முறை உள்ளவரோடு வாய்ப்பேச்சில் ஒரு படகு வாங்கினார். கியர் பெட்டி உடைந்த வருடம் பேச்சுவார்த்தை நின்றது, இன்றுவரை இரண்டு வீட்டாரும் ஒரு பந்தியில் உட்காரவில்லை. முன்பணம் கொடுக்கும் முன் படகைத் தண்ணீரிலிருந்து முழுவதுமாகத் தூக்கி, உங்கள் செலவில் படகுகளைச் சோதிக்கும் ஒரு சர்வேயர் பார்க்க வேண்டும். தேக்குத் தளத்துக்கு அடியில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். தேக்கில் குறை இல்லை. 1817இல் இதே பம்பாய்த் துறையில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தார் கட்டிய ட்ரிங்கமாலி என்ற தேக்குக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஃபைபர் மேல் ஒட்டிய மெல்லிய தேக்குப் பட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கினால்தான் செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஏறும்.

வாடகைப் பயணங்களில் குறைந்தது இரண்டையாவது ஏப்ரல் மாதம், மாலை நான்கு மணிக்குத் திரும்புவது போல வையுங்கள். துணைவியாரும் கூட வரட்டும். ஒவ்வொரு முறையும் தேதி, செலவு, 'இன்னொரு முறை வருவேன்' என்று யார் யார் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மே கடைசியில் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், உங்கள் நாள் கணக்கை வைத்து மூன்றில் ஒரு பங்குக்கான கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.