பழைய லேப்டாப்புக்குப் புதுத் திரை: செலவு செய்யலாமா?

கேள்வி: நான் தனியாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். வாரத்தில் நான்கு நாள் வாடிக்கையாளர்களின் அலுவலகத்திலேயே உட்கார்ந்து வேலை. லேப்டாப் வாங்கி நான்கு வருடமாகிறது, வேகத்தில் குறையில்லை. ஆனால் 15.6 அங்குலத் திரை 1366×768 ரெசல்யூஷன்தான். எண்களைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது. திரையை மட்டும் மாற்றலாமா, புதிய லேப்டாப்புக்குச் சேர்க்கும் பணத்தில் கை வைக்காமல் பொறுத்திருக்கலாமா? மாற்றினால் ஒரேயடியாக 4கே (3840×2160) போட்டுவிடலாமா?

பதில்: உங்கள் சம்பாத்தியமே இந்தத் திரை வழியாகத்தான் வருகிறது. அதனால் இதை ஆடம்பரச் செலவாக நான் பார்க்கவில்லை. மாற்றலாம் என்பதே என் கருத்து, ஆனால் 4கே வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கும் ஒரு சோதனையும் பாக்கி இருக்கின்றன.

முதலில் கணக்கு. புதிய லேப்டாப்பின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்து வருடம் உழைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 1.67 ஆகிறது. பேனல் (அதாவது திரைப் பாகம்), கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 15 ஆகிறது என்று வையுங்கள். திரை மாற்றியதால் புதிய லேப்டாப் வாங்குவதை ஒன்பது மாதம் தள்ளிப்போட முடிந்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். இரண்டரை வருடம் ஓடினால் மாதச் செலவு வெறும் 0.5. ஆறே மாதத்தில் மதர்போர்டு போய்விட்டால் அதுவே 2.5 ஆகிவிடும், புதியதே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். ஆக, திரையின் விலையை விட, மற்ற பாகங்களுக்கு இன்னும் எத்தனை மாத ஆயுள் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. பேட்டரி, கீல், சூடு ஆகும் அளவு மூன்றையும் பாருங்கள். விண்டோஸ் 11 ஓடுமா என்றும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11 ஓடாத லேப்டாப்பில் இவ்வளவு பணம் போட நான் சொல்ல மாட்டேன்.

சரி, அப்புறம் சோதனை. பழைய பேனலைக் கழற்றி, பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் கனெக்டரையும் பார்த்த பிறகுதான் புதியதை ஆர்டர் செய்ய வேண்டும். இடிபி (eDP, மதர்போர்டிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் இணைப்பு) வகை, 30 முனை (pin) கனெக்டர் என்றால் 1920×1080 பேனல் பெரும்பாலும் அதே இடத்தில் பொருந்தும், ஆனாலும் சில மாடல்களில் கேபிளையும் மாற்ற வேண்டியிருக்கும். 4கே பேனல்கள் பொதுவாக 40 முனை கனெக்டர் கேட்கும். கேபிள் செலவு கூடும், மதர்போர்டு ஒத்துழைக்குமா என்பதும் நிச்சயமில்லை. பேட்டரியையும் கூடுதலாகத் தின்னும். எக்செல் கட்டங்களுக்கு அவ்வளவு தேவையே இல்லை. அதில் மிஞ்சும் பணத்தை ஐபிஎஸ் பேனலுக்குக் கொடுங்கள். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காது, கண்ணுக்கு நல்லது என்று நீங்களே உணர்வீர்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 1920×1080-க்கு மாறினால் பிக்சல் (திரைப் புள்ளி) எண்ணிக்கை சுமார் 10.5 லட்சத்திலிருந்து 20.7 லட்சமாகும், ஆனால் விண்டோஸ் திரை அமைப்பில் அளவை (ஸ்கேல்) 100 சதவீதத்தில் வைத்தால் எழுத்துகள் சிறுத்துவிடும். கண்வலிக்காக 125 சதவீதம் வைத்தால் கிடைக்கும் இடம் 1536×864-க்குச் சமம்தான். கூடுதல் வரிசைகள் கொஞ்சம்தான் தெரியும். எழுத்துகள் மட்டும் நன்றாகக் கூர்மையாகும். உங்கள் தேவை அதுதானே. கண் வலி அப்புறமும் தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டிலேயே வேலை செய்பவர் இதைக் கேட்டிருந்தால் 24 அங்குல மானிட்டர் வாங்கச் சொல்லியிருப்பேன். லேப்டாப் மாறினாலும் மானிட்டர் கூடவே வரும். பேனல் அப்படி வராது, விற்கும்போதும் அதற்கென்று தனி விலை கிடைக்காது. ஆனால் வாரத்தில் நான்கு நாள் வெளியே இருக்கும் உங்களுக்கு மானிட்டர் உதவாது.

பணத்தை லேப்டாப்புக்காகச் சேர்த்ததிலிருந்தே எடுங்கள், தவணையில் போட வேண்டாம். அவசரத் தேவைக்கான சேமிப்பைத் தொடாதீர்கள். எடுத்த தொகையை நான்கைந்து மாதத்தில் திரும்ப நிரப்பிவிடுங்கள்.

பொருந்தாவிட்டால் பேனலைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பேனலையும் விடாமல் கேட்டு வாங்கி, பத்திரமாக வையுங்கள். புதியது உத்தரவாதக் காலத்தில் பழுதாகி, மாற்று வரத் தாமதமானால், பழையதை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரலாம்.